மண் எவ்வளவு கெட்டி? கையில் இருப்பதை வைத்தே அளக்கலாம்

கடப்பாரையால் ஒரு குத்து குத்திவிட்டு "நல்ல கெட்டி மண்ணுங்க, தைரியமா கட்டுங்க" என்று சொல்கிற ஒருவர் எல்லா வேலையிடத்திலும் இருப்பார். அவரைக் கிண்டல் செய்ய நான் வரவில்லை, அனுபவப்பட்ட கை பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லும். ஆனால் அந்தக் கை உணர்ந்ததை இன்னொருவருக்கு எழுதி அனுப்ப முடியாது, ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியாது. அதே குத்தை ஓர் எண்ணாக மாற்றிவிட்டால் இரண்டும் முடியும். அதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. சமையலறைத் தராசு, குளியலறை எடை மெஷின், பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசு, கொஞ்சம் கம்பி, ஒரு வெல்டிங் பட்டறை, இவ்வளவு இருந்தால் போதும்.

முதலில் ஒரு விஷயம். களிமண்ணும் மணலும் ஒரே மாதிரி வலிமை காட்டுவதில்லை. களிமண் துகள்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும், அதனால் அதற்கு "வெட்டு வலிமை இத்தனை கிலோபாஸ்கல்" என்று ஒற்றை எண் சொல்லலாம் (வெட்டு வலிமை என்றால் மண் நழுவி உடையாமல் எவ்வளவு தாங்கும் என்பது, கிலோபாஸ்கல் அதை அளக்கும் அழுத்த அலகு). மணலுக்கு அப்படிச் சொல்ல முடியாது, அது உராய்வில் நிற்கிறது, மேலே பாரம் ஏற ஏற அதன் வலிமையும் ஏறும். கீழே வரும் கருவிகளில் தராசு, வேன் (மண்ணில் இறக்கித் திருப்பும் கூட்டல் குறி வடிவத் தகடு) இரண்டும் களிமண்ணுக்கு மட்டும். இவற்றை மணலில் குத்திவிட்டு வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

பதம் பார்க்காமல் அளக்காதீர்கள்

என்னைக் கேட்டால், கருவியை விட முக்கியம் மண்ணின் பதம். ஒரே களிமண், நன்றாகக் குழைத்து, கூழாகி ஓடும் எல்லையில் வைத்தால் அதன் வெட்டு வலிமை சுமார் 2 கிலோபாஸ்கல். அதே மண் காய்ந்து, உருட்டினால் உதிரத் தொடங்கும் எல்லைக்கு வரும்போது ஏறத்தாழ நூறு மடங்கு. மண் மாறவில்லை, தண்ணீர் மட்டும்தான் குறைந்தது. அப்படியிருக்க, எந்த ஈரத்தில் எடுத்தோம் என்று குறிக்காத அளவு எதற்கு உதவும்? நான் முதல் தடவை ஒரு மனையில் வெயில் காலத்தில் அளந்து, மழைக்குப் பின் மறுபடி அளந்து, "யாரோ மண்ணை மாற்றிவிட்டார்கள்" என்று சந்தேகப்படும் அளவுக்குப் போனேன்.

ஈரம் பார்ப்பது சுலபம். அளந்த ஆழத்திலிருந்தே ஒரு பிடி மண் எடுத்து, காற்றுப் புகாத பையில் கட்டி, வீட்டில் நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு காய வைத்து மறுபடி நிறுங்கள். ஆய்வகத்தில் 105 முதல் 110 டிகிரி அடுப்பில் ஒரு நாள் வைப்பார்கள், நமக்கு வாணலியில் சிறு தீயில் கிளறி, எடை குறைவது நிற்கும் வரை வைத்தால் போதும் (தீ அதிகமானால் மண்ணில் இருக்கும் மக்கிய பொருளும் எரிந்து எடை தப்பாகும்). போன தண்ணீரின் எடையைக் காய்ந்த மண்ணின் எடையால் வகுக்க வேண்டும், ஈர மண்ணின் எடையால் இல்லை. 120 கிராம் ஈர மண் 100 கிராம் ஆனால் ஈரம் 20 சதவீதம். பலர் 16.7 என்று எழுதிவிடுகிறார்கள்.

நிறுக்க நேரமில்லையா, சரி, கொஞ்சம் மண்ணை உள்ளங்கையில் கயிறு போல உருட்டுங்கள். 3 மி.மீ. தடிமன் வரை உடையாமல் வந்தால் அது இன்னும் குழையும் பதத்தில் இருக்கிறது. அதற்கு முன்பே உதிர்ந்தால் அந்த எல்லையை விடக் காய்ந்துவிட்டது. இதைக் குறித்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

கட்டைவிரல்

செலவே இல்லாத கருவி. மண் பொறியியல் முன்னோடிகளான டெர்சாகி, பெக் காலத்திலிருந்தே அந்தத் துறையில் புழங்கும் விரல் சோதனை இது. குழியின் பக்கவாட்டில், புதிதாகச் செதுக்கிய முகத்தில் அழுத்துங்கள், காய்ந்த மேல்தோலில் இல்லை. முஷ்டியே சுலபமாக உள்ளே போனால் வெட்டு வலிமை 12 கிலோபாஸ்கலுக்கும் கீழே. கட்டைவிரல் சுலபமாகப் பல செ.மீ. இறங்கினால் 12 முதல் 25. கொஞ்சம் அழுத்தினால்தான் இறங்குகிறது என்றால் 25 முதல் 50. விரல் பதிகிறது, ஆனால் உள்ளே தள்ள முழு பலமும் வேண்டியிருக்கிறது என்றால் 50 முதல் 100. விரல் பதியவில்லை, நகம் மட்டும் பதிகிறது என்றால் 100 முதல் 200. நகமே திணறினால் அதற்கு மேல்.

ஒவ்வொரு படியும் முந்தையதைப் போல இரண்டு மடங்கு என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் விரல் இவ்வளவு நம்பகமாக இருக்கிறது, ஒரு படி தப்பினாலும் எந்த வகை மண் என்பது தெரிந்துவிடும். மற்றக் கருவி எதையாவது வைத்து எடுத்த எண் விரல் சொல்வதோடு ஒத்துப் போகவில்லை என்றால் நான் முதலில் கருவியைத்தான் சந்தேகப்படுவேன்.

சமையலறைத் தராசு

கடையில் பாக்கெட் பெனிட்ரோமீட்டர் என்று ஸ்பிரிங் வைத்த சின்னக் குழாய் ஒன்று கிடைக்கும். 6.4 மி.மீ. விட்டமுள்ள தட்டை முனையை 6.4 மி.மீ. ஆழத்துக்கு அழுத்தி, 0 முதல் 4.5 வரை இருக்கும் அளவுகோலில் கிலோ/ச.செ.மீ. படிப்பார்கள். அதன் வேலையைத் தராசே செய்யும்.

6 மி.மீ. உருண்டைக் கம்பி ஒன்றை எடுத்து, முனையை அரத்தால் தட்டையாக்கி, முனையிலிருந்து 6 மி.மீ. தூரத்தில் ஒரு கீறல் போடுங்கள். குழியிலிருந்து கலையாத மண் கட்டி ஒன்றைக் கத்தியால் வெட்டி எடுங்கள், குறைந்தது உள்ளங்கை அகலம் வேண்டும், சின்னக் கட்டி என்றால் அழுத்தும்போது ஓரம் விரிந்துபோகும். மேல்பக்கத்தைச் சமமாகச் சீவி, தராசில் வைத்து, எடையைச் சுழியமாக்குங்கள். பிறகு கம்பியை நிதானமாகக் கீறல் வரை இறக்குங்கள், அந்த நேரத்தில் தராசு காட்டும் எண்ணைப் படியுங்கள். ஒரு கிலோவுக்குச் சுமார் 50 கிலோபாஸ்கல் வெட்டு வலிமை. இரண்டு கிலோ காட்டினால் 100. அவ்வளவுதான் கணக்கு.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு: தட்டையான முனை தன் விட்டம் அளவுக்குக் களிமண்ணில் இறங்க, அந்த மண்ணின் வெட்டு வலிமையைப் போல ஏறத்தாழ 7 மடங்கு அழுத்தம் வேண்டும். மேற்பரப்பில் 6, ஆழமாகப் போனால் 9 வரை போகும். 6 மி.மீ. கம்பியின் பரப்பு 28.3 ச.மி.மீ. ஒரு கிலோ விசையை இந்தப் பரப்பால் வகுத்து, மறுபடி 7 ஆல் வகுத்தால் 50 வரும். வேறு தடிமன் கம்பி என்றால் இதே வழியில் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

மண் சேறு மாதிரி இருந்தால் 6 மி.மீ. கம்பிக்குத் தராசு அசையவே அசையாது. அப்போது 24 மி.மீ. விட்டமுள்ள தட்டையான உருளையை எடுத்து அதே 6 மி.மீ. இறக்குங்கள், இப்போது கிலோவுக்கு 3 கிலோபாஸ்கல் என்று வையுங்கள். மாறாக, தராசின் உச்ச அளவு 5 கிலோ என்றால் 250 கிலோபாஸ்கலுக்கு மேல் போகாதீர்கள், தராசுதான் உடையும்.

ஒரே கட்டியில் ஐந்து இடத்தில் குத்துங்கள், இரண்டு துளைக்கும் இடையே 3 செ.மீ. விடுங்கள். சிறு கல்லில் பட்ட அளவைத் தூக்கிப் போடுங்கள். மீதியை வரிசைப்படுத்தி நடுவில் வருவதை எடுங்கள், சராசரி வேண்டாம், ஒரே ஒரு கல் சராசரியைக் கெடுத்துவிடும். வெடிப்போடிய களிமண்ணில் ஒரு எச்சரிக்கை: சின்ன முனை வெடிப்புகளுக்கு நடுவே இருக்கும் கெட்டிக் கட்டியைத்தான் அளக்கும். பெரிய அளவில் அந்த மண் வெடிப்பு வழியாகத்தான் உடையும், அதன் உண்மையான வலிமை நீங்கள் அளந்ததை விடக் குறைவு.

எடை மெஷின் மேல் நின்று தள்ளுவது

மண்ணை வெட்டி எடுக்காமல், ஆழம் போகப் போக எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டுமா? ஒரு மீட்டர் கம்பி, மேலே கைப்பிடிக்குக் குறுக்கே ஒரு துண்டு, கீழே கூம்பு. இறங்குவதற்கு எவ்வளவு விசை கொடுத்தோம் என்று தெரிய வேண்டும், அதுதான் சிக்கல், அதற்குத்தான் விலை உயர்ந்த டயல் வைத்த கருவிகள். ஆனால் நீங்கள் குளியலறை எடை மெஷின் மேல் நின்றுகொண்டு பக்கத்தில் இருக்கும் கம்பியைக் கீழே தள்ளினால், தள்ளும் விசை அளவுக்கு மெஷினில் உங்கள் எடை குறையும். 70 கிலோ ஆள் 44 என்று பார்த்தால் 26 கிலோ தள்ளியிருக்கிறார். மெஷினுக்குக் கீழே ஒரு பலகை போடுங்கள், மண்ணில் வைத்தால் சரியாகக் காட்டாது. முள் வைத்த பழைய மாடல்தான் இதற்கு நல்லது, டிஜிட்டல் மெஷின் பல முதலில் வந்த எண்ணிலேயே பூட்டிக்கொண்டு அசையாது. நான் அப்படி ஒரு மெஷினோடு அரை நாள் மல்லுக்கட்டினேன்.

கூம்பைப் பற்றி: வேளாண் பொறியியலில் 30 டிகிரி கூம்புதான் வழக்கம், கெட்டி மண்ணுக்கு 12.83 மி.மீ. விட்டம், இளகிய மண்ணுக்கு 20.27 மி.மீ. கம்பி கூம்பை விட மெலிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பியின் உடம்பில் உரசும் விசையையும் சேர்த்துப் படிப்பீர்கள். சின்னக் கூம்பின் பரப்பு 129 ச.மி.மீ., அதில் 26 கிலோ தள்ளினால் 2 மெகாபாஸ்கல். இந்த 2 மெகாபாஸ்கலைப் பயிர் செய்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலான பயிர்களின் வேர் அதற்கு மேல் உள்ளே போகத் திணறும். ஆகவே மெஷினில் எடை 26 கிலோ குறையும் ஆழம்தான் உங்கள் நிலத்தின் கெட்டித் தட்டு. நல்ல மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்து, உபரி நீர் வடிந்த பின் அளந்தால்தான் இந்த எண் பொருந்தும். காய்ந்த நிலத்தில் எல்லாமே கெட்டித் தட்டாகத்தான் தெரியும்.

தள்ளும் வேகம் நொடிக்கு 3 செ.மீ., அதாவது 30 செ.மீ. இறங்க 10 நொடி. களிமண்ணில் வெட்டு வலிமை வேண்டுமென்றால் கூம்பின் அழுத்தத்தை 15 ஆல் வகுக்கலாம், ஆனால் இந்த வகுப்பான் மண்ணைப் பொறுத்து 10 முதல் 20 வரை மாறும் என்பதால் நான் இதை ஒப்பிட மட்டும் பயன்படுத்துகிறேன்.

வேன்: இளகிய களிமண்ணுக்கு இதுதான்

வயல் சேறு, குளத்தங்கரை, நீர் தேங்கிய பள்ளம், இங்கெல்லாம் எனக்குப் பிடித்த கருவி. 40 மி.மீ. அகலம், 80 மி.மீ. உயரம் உள்ள இரண்டு தகடுகளைக் குறுக்காகச் செருகி, கூட்டல் குறி போல, 12 மி.மீ. கம்பியின் நுனியில் வெல்டிங் செய்யுங்கள். தகடு 2 மி.மீ. தடிமன் போதும், தடித்தால் உள்ளே போகும்போதே மண்ணைக் கலைத்துவிடும், கீழ் விளிம்பை அரத்தால் கூராக்குங்கள். கம்பியின் மேலே இரு பக்கமும் நீளும் கைப்பிடி, கம்பியின் நடுவிலிருந்து சரியாக 25 செ.மீ. தூரத்தில் கொக்கித் தராசை மாட்ட ஒரு துளை.

மண்ணில் நேராகத் தள்ளுங்கள், சுழற்றாமல். தகட்டின் மேல்விளிம்புக்கு மேலே இன்னும் ஒரு சாண் மண் இருக்கட்டும். பிறகு கொக்கித் தராசால் கைப்பிடிக்குச் செங்குத்தாக, கிடைமட்டமாக இழுங்கள், ஒரு நிமிடத்தில் மண் வெட்டுப்படுகிற வேகத்தில். மறு கையால் கம்பி சாயாமல் பிடித்துக்கொள்ளுங்கள். எண் ஏறி ஏறி ஓர் உச்சத்தைத் தொட்டு சட்டென்று இறங்கும், அந்த உச்சத்தைக் குறியுங்கள். இந்த அளவுகளில் செய்தால் ஒரு கிலோவுக்கு 10 கிலோபாஸ்கல். 3.8 கிலோ வந்தால் 38. அளவுகளை வேண்டுமென்றே அப்படித் தேர்ந்தெடுத்தேன், வெயிலில் நின்று கால்குலேட்டர் தட்ட எனக்குப் பிடிக்காது. வேறு அளவில் செய்கிறவர்களுக்கு, உயரம் அகலத்தைப் போல இரண்டு மடங்கு இருந்தால், வெட்டு வலிமை = 0.273 × முறுக்கு விசை (இழுக்கும் விசை × நடுவிலிருந்து அதன் தூரம்) ÷ அகலத்தின் கனம் (அகலம் × அகலம் × அகலம்), எல்லாம் நியூட்டன், மீட்டரில்.

கம்பியின் உடம்பே மண்ணில் உரசும், அதைக் கழிக்கத் தகடு இல்லாத அதே மாதிரிக் கம்பியை அதே ஆழத்துக்கு இறக்கி ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். அப்புறம் இன்னொரு வேலை, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: உச்சம் பார்த்த பின் கைப்பிடியைப் பத்துச் சுற்று வேகமாகச் சுற்றிவிட்டு மறுபடி அளங்கள். முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்தால் கலைந்தால் அந்த மண் எவ்வளவு தளரும் என்பது தெரியும். 2 வந்தால் பயமில்லை. 8 வந்தால் அந்த இடத்தில் வண்டி ஏற்றுவதற்கு முன் யோசியுங்கள். சக்கரம் மண்ணைக் குழைத்துவிட்டால் கையில் மிஞ்சுவது முதல் எண் இல்லை, இரண்டாவதுதான்.

சுத்தியல் பெனிட்ரோமீட்டர்

பாதை போடுபவர்கள், தரை நிரவுபவர்கள் செய்துகொள்ள வேண்டியது இது. ஆஸ்திரேலியாவில் ஸ்காலா என்பவர் 1950களில் தொடங்கி வைத்த யோசனை, பிறகு தென்னாப்பிரிக்காவில் சாலைப் பணிக்காக மெருகேறியது. இன்று பரவலாக இருக்கும் வடிவம்: 8 கிலோ சுத்தியல், 575 மி.மீ. உயரத்திலிருந்து தானாக விழும், 16 மி.மீ. கம்பி, நுனியில் 20 மி.மீ. விட்டமுள்ள 60 டிகிரி கூம்பு. சுத்தியலை உயர்த்தி விட வேண்டும், அடிக்கக் கூடாது. ஒவ்வோர் அடிக்கும் எத்தனை மி.மீ. இறங்கியது என்று பார்க்க வேண்டும்.

8 கிலோ சுத்தியலுக்கு 10 செ.மீ. விட்டமுள்ள இரும்பு உருளை, 13.4 செ.மீ. உயரம், நடுவில் 18 மி.மீ. துளை, லேத் பட்டறையில் செய்து கொடுப்பார்கள். செய்த பின் நிறுத்துப் பாருங்கள், குறைந்தால் வாஷர் சேர்க்கலாம், கூடினால் கடைந்துகொள்ளலாம். விழும் உயரம் சரியாக இருக்க மேலே ஒரு தடுப்பும் கீழே அடி வாங்கும் வளையமும் பற்றவைக்க வேண்டும், சாதாரண இரும்பு வளையம் கொஞ்ச நாளில் காளான் மாதிரி விரிந்துவிடும், அதனால் அதையும் கூம்பையும் கடினப்படுத்திய எஃகில் செய்யுங்கள். கூம்பு தேய்ந்து 18 மி.மீ. ஆகிவிட்டால் மாற்றிவிடுங்கள்.

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கம்பியைச் செங்குத்தாகப் பிடித்துச் சுத்தியலை இயக்க, மற்றவர் பக்கத்தில் நட்ட அளவுகோலைப் படித்து எழுத வேண்டும். முதல் அடியை எண்ணாதீர்கள், அது கூம்பை மண்ணில் உட்கார வைக்கத்தான். கை விரல் சுத்தியலுக்கும் வளையத்துக்கும் நடுவே போகவே கூடாது, 8 கிலோ அரை மீட்டருக்கு மேல் விழுகிறது. குத்துவதற்கு முன் அந்த இடத்தில் மின்கேபிளோ தண்ணீர்க் குழாயோ போகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

வரும் எண்ணை சி.பி.ஆர். மதிப்பாக (சாலைக்கு அடியில் உள்ள மண் எவ்வளவு தாங்கும் என்பதற்கான சதவீத அளவு) மாற்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் கொடுத்த சமன்பாடு ஒன்று உண்டு: ஓர் அடிக்கு இறங்கிய மி.மீ. எண்ணை 1.12 அடுக்குக்கு உயர்த்தி, 292-ஐ அதனால் வகுக்க வேண்டும். அடிக்கு 5 மி.மீ. என்றால் 48, 10 மி.மீ. என்றால் 22, 20 என்றால் 10, 30 என்றால் 6.5, 50 என்றால் 3.7. அதிகம் குழையும் களிமண்ணுக்கு வேறு சமன்பாடு. தவிர, அங்கே மண் கம்பியைப் பிடித்துக்கொள்ளும், ஆழம் போகப் போக உண்மையை விடக் கெட்டியாகக் காட்டும். கம்பியைக் கையால் திருப்பிப் பாருங்கள், சுலபமாகச் சுற்றவில்லை என்றால் அந்தக் குழியின் கீழ்ப்பகுதியை நம்பாதீர்கள்.

ஆழத்துக்கு எதிராக அடிகளின் எண்ணிக்கையைப் புள்ளி வைத்துக் கோடு போட்டால், கோடு எங்கே வளைகிறதோ அங்கே அடுக்கு மாறுகிறது. எனக்கு சி.பி.ஆர். எண்ணை விட அந்த வளைவுதான் அதிகம் உதவியிருக்கிறது. மேலே 20 செ.மீ. நன்றாக இறுக்கப்பட்டு, அதற்குக் கீழே திடீரென்று அடிக்கு 40 மி.மீ. இறங்கினால், ரோலர் மேலே மட்டும் ஓடிவிட்டுப் போயிருக்கிறது. அடி அடியாகப் போய்க்கொண்டிருந்த கூம்பு ஓரிடத்தில் ஐந்து அடிக்கும் அசையவில்லை என்றால் கல், அரை மீட்டர் தள்ளி மறுபடி குத்துங்கள்.

மணல் என்றால்

13 மி.மீ. முறுக்குக் கம்பி ஒன்று போதும். கையால் தள்ளியே சுலபமாக உள்ளே போனால் தளர்ந்த மணல். இரண்டரை கிலோவுக்குச் சற்றுக் குறைந்த சுத்தியலால் அடித்தால் சுலபமாகப் போகிறது என்றால் நடுத்தரம். அடித்து 30 செ.மீ. போய் நின்றால் இறுக்கம், சில செ.மீ. மட்டும் போனால் மிக இறுக்கம். உராய்வுக் கோணம் வேண்டுமென்றால் காய்ந்த மணலைப் புனல் வழியாக மெதுவாகக் கொட்டிக் குவியல் செய்யுங்கள், உயரத்தை அடிவட்டத்தின் ஆரத்தால் வகுத்து, வரும் எண் எந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் என்று பாருங்கள். 30 முதல் 35 டிகிரிக்குள் பெரும்பாலும் வரும். இது தளர்ந்த நிலைக்கான கோணம், இறுக்கிய மணல் இதை விட அதிகம் தாங்கும், ஆகவே பாதுகாப்பான பக்கத்தில் இருக்கிறோம். ஈர மணலில் இதைச் செய்யாதீர்கள், ஈரம் ஒட்டவைத்துப் பொய்க் கோணம் காட்டும்.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்

சின்ன மதில், கொட்டகை, கம்பி வேலி, தற்காலிகப் பாதை, இதற்கெல்லாம் மேலே சொன்னவை போதும். களிமண்ணில் வெட்டு வலிமையின் 1.7 மடங்கைத் தாங்கு திறனாக எடுத்தால் மூன்று மடங்குப் பாதுகாப்பு இருக்கும், 50 கிலோபாஸ்கல் மண் 85 கிலோபாஸ்கல், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு எட்டரை டன். ஆனால் இது உடையாது என்பதற்கான கணக்கு மட்டும். எவ்வளவு அமுங்கும் என்பதை இந்தக் கருவி எதுவும் சொல்லாது. மாடி வீடு கட்டுகிறீர்கள் என்றால் இவை எட்டும் ஆழம் ஒரு மீட்டர்தான், அஸ்திவாரத்தின் பாரமோ அதன் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம் வரை போய் உறைக்கும். மூன்றாவது மீட்டரில் ஒரு சேற்று அடுக்கு இருந்தால் உங்கள் கம்பிக்குத் தெரியவே தெரியாது. அங்கே துளையிட்டுப் பார்ப்பவர்களைக் கூப்பிட வேண்டும்.

பள்ளத்துக்குள் இறங்கி அளக்க வேண்டியிருந்தால் ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான, தாங்கு பலகை இல்லாத குழிக்குள் இறங்காதீர்கள், எவ்வளவு கெட்டியாகத் தெரிந்தாலும். மண்வெட்டியால் ஒரு கட்டியை மேலே எடுத்து வந்து தராசில் வைத்து அளங்கள்.

நோட்டில் நான் எழுதுவது இப்படித்தான் இருக்கும்: "குழி 3, ஆழம் 40 செ.மீ., சாம்பல் நிறக் களிமண், 3 மி.மீ. கயிறு உடையாமல் வந்தது, ஈரம் 24 சதவீதம், மழை பெய்து இரண்டு நாள். தராசு, 6 மி.மீ. கம்பி: 0.9, 1.1, 1.0, 2.6 (கல்), 1.0. நடு எண் 1.0, அதாவது 50 கிலோபாஸ்கல். கட்டைவிரல் முழு பலத்தில்தான் இறங்கியது, ஒத்துப் போகிறது."